தெளிந்த நீரில் ஒளிந்த நஞ்சு

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. நிறமும் மணமும் சுவையும் வேறுபடாத நீரிலும் கொடிய நஞ்சு கலந்திருத்தல் கூடும். ஆர்சனிக் என்னும் தனிமம் அத்தகையது. சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாடாணம் எனக் குறிப்பது இதன் கூட்டுப்பொருள்களுள் ஒன்றாகும். எவரும் இடாமலே இந்நஞ்சு நிலத்தடி நீரிற் கலந்து வங்க நாட்டு மக்களை வருத்திய வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கங்கையும் பிரமபுத்திராவும் கடலொடு கலக்கும் கழிமுகத்தில் மேற்கு வங்காளமும் வங்கதேசமும் அமைந்துள்ளன. அங்குள்ள சிற்றூர் மக்கள் முன்னாளில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வந்தனர். அந்நீரிலிருந்த கிருமிகளால் வாந்திபேதி முதலிய நோய்கள் பரவிக் குழந்தைகள் பலர் மாண்டனர். இதனைத் தடுக்கக் கருதி, 1970-களில் வங்கதேச அரசும் யுனிசெப் நிறுவனமும் குழாய்க்கிணறுகளைப் பரப்பின. பின்னர் மக்களும் தத்தம் வீட்டு முற்றத்தில் அவற்றை அமைத்துக்கொண்டனர். கிருமியற்ற நீர் கிடைத்தது. ஆயினும், அதில் ஆர்சனிக் உண்டோ என ஆராயும் வழக்கம் அந்நாளில் இல்லை.

1983-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கே. சி. சாகா என்னும் தோல் மருத்துவர், உடலிற் கரும்புள்ளிகளும் உள்ளங்கை உள்ளங்கால்களில் தடிப்பும் கொண்ட சிற்றூரினரைக் கண்டு, அந்நோய்க்குக் காரணம் ஆர்சனிக்கே எனத் தெளிந்தார். 1993-ஆம் ஆண்டில் வங்கதேசத்துக் கிணறுகளிலும் அந்நஞ்சு இருத்தல் உறுதியாயிற்று. பல்லாண்டு பருகுவார்க்கு அது புற்றுநோயையும் விளைவிக்கும்.

இந்நஞ்சு நீரை அடைந்தது எங்ஙனம்? இமயமலைப் பாறைகளில் ஆர்சனிக் சிறிதளவு உண்டு. பாறைகள் சிதையுங்கால், அஃது இரும்புத் துருவொடு ஒட்டிக்கொண்டு, ஆற்று வண்டலோடு வந்து சமவெளியிற் படிகின்றது. அவ்வண்டலில் இலை, தழை, வேர் முதலியனவும் புதையுண்டு கிடக்கின்றன. அவற்றை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நீரிலுள்ள உயிர்வளியைச் செலவிடுகின்றன. அது தீர்ந்தபின், அதற்கு ஈடாகத் துருவிலுள்ள இரும்பைப் பயன்கொள்ளும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அதனால் துரு கரைகின்றது. பற்றுக்கோடிழந்த ஆர்சனிக் நீரிற் கலக்கின்றது. ஆழங் குறைந்த இளம் படிவுகளில் இது மிகுதி. 150 மீட்டருக்குக் கீழுள்ள பழம் படிவுகளின் நீர் பெரும்பாலும் தீங்கற்றது.

ஓர் இலிட்டர் நீரில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. அஃது ஒரு கிராமில் இலட்சத்தில் ஒரு பங்கேயாம்! நீரைக் காய்ச்சினால் கிருமி மாயும், ஆர்சனிக் மாயாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு மிகும். ஆதலின், சோதித்து அறிதலே வழி. 2000-க்குப் பின் வங்கதேசத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, நஞ்சு மிக்கவற்றிற்குச் சிவப்பும் ஏனையவற்றிற்குப் பச்சையும் தீட்டினர். அடுத்தடுத்த வீடுகளிலேயே ஒரு கிணறு சிவப்பாகவும் மற்றொன்று பச்சையாகவும் இருத்தல் உண்டு. எனவே, அயல்வீட்டார் மனமுவந்து அளிக்கும் நீரே பலர்க்கு உயிர்காக்கும் அருமருந்தாயிற்று.

மாணவர்களே! ஒரு தீமையை நீக்கப் புகுவோர், தாம் கொள்ளும் வழியால் வேறொரு தீமை விளையுமோ என்பதையும் முன்னரே ஆராய்தல் வேண்டும். வங்க நாட்டுக் கிணறுகள் உலகிற்கு உணர்த்தும் பாடம் இதுவே.