மூக்கைத் தூக்கிய வண்டிவீடு

அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்துவிட்டால் நெடுஞ்சாலைகளில் வீடுகள் ஓடத் தொடங்கும். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பத்து மீட்டர் நீள வீட்டை ஒரு பிக்கப் டிரக் இழுத்துக்கொண்டு போகும். இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் இந்த வண்டிவீடுகளைச் செய்யும் தொழிற்சாலைகள் நிறைய இருக்கின்றன.

இவற்றில் ஒரு வகையை ‘ஃபிஃப்த் வீல்’ டிரெய்லர் என்கிறார்கள். மற்ற டிரெய்லர்களை டிரக்கின் பின்பக்கக் கொக்கியில் மாட்டுவார்கள். இதுவோ டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேலேயே முன்பாகத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும். வீட்டின் அடியிலிருந்து தடித்த எஃகு முளை ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கும். அதற்குக் கிங்பின் என்று பெயர், விட்டம் 2 அங்குலம். டிரக்கின் பின்சக்கரங்களுக்கு நேர்மேலே பொருத்திய இரும்புத் தட்டின் பிளவுக்குள் அது போய்ப் பூட்டிக்கொள்ளும். தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றின் முன்வண்டியையும் பின்வண்டியையும் சேர்த்துப் பிடிப்பதும் இதே போன்ற கிங்பின்தான்.

பின்பக்கம் மட்டும் சக்கரம் வைத்து, முன்பக்கப் பாரத்தை இழுக்கும் வண்டியின் மேல் ஏற்றிவிடும் இந்த யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1914-இல் டெட்ராய்ட் நகரில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு மரவியாபாரியின் படகை ஏற்றிப் போக, ஃபோர்டு மாடல் டி காரின் பின்னால் இணைக்கும் வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். பிற்பாடு அவருடைய பட்டறை பெரிய டிரெய்லர் கம்பெனியாக வளர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய டிரக்கை விற்றுவிட்டுப் புது டிரக் வாங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். இப்போது வரும் நான்கு சக்கர இயக்க டிரக்குகள் நல்ல உயரம். வீட்டைக் கொண்டுபோய் மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது?

பெரியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் “பாரமெல்லாம் பின்னால் சரிந்துவிடும்” என்பார்கள். அது உண்மையா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் எடை 5,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 1,000 கிலோ, கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. மீதி 4,000 கிலோவை வீட்டின் இரண்டு அச்சுகள் ஆளுக்கு 2,000 என்று சுமக்கின்றன. கிங்பின்னுக்கும் அச்சுகளுக்கும் இடையே 7 மீட்டர் தூரம். புது டிரக்கினால் கிங்பின் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. 700-க்கு 15 என்றால் சாய்வு சுமார் 2 சதவீதம். வீட்டின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், இந்தச் சாய்வில் அது வெறும் 2.6 சென்டிமீட்டர்தான் பின்னே நகரும். அதனால் கிங்பின் மேலுள்ள பாரம் ஏறக்குறைய 18 கிலோ குறையும். ஆயிரம் கிலோவில் பதினெட்டு! பாரம் ‘சரிவது’ இவ்வளவுதான். பொருட்படுத்தவே வேண்டாம்.

அப்படியானால் ஆபத்து எங்கே? அந்த இரண்டு அச்சுகளுக்கு நடுவில்.

அச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக 90 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. வீடு பின்னோக்கிச் சாயும்போது பின் அச்சுக்கு மேலுள்ள இடம் தாழ்கிறது, முன் அச்சுக்கு மேலுள்ள இடம் உயர்கிறது. நம் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 2 சென்டிமீட்டர். இங்கே ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி வேலை செய்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்துகிறோமோ அந்த அளவுக்கு அது எதிர்த்துத் தள்ளும். 2,000 கிலோவுக்கு 8 சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் என்றால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 250 கிலோ. பின் அச்சின் ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்குகிறது, முன் அச்சின் ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் நிமிர்கிறது. பின் அச்சின் பாரம் 2,250 கிலோ ஆகிறது, முன் அச்சின் பாரம் 1,750 கிலோ ஆகிறது. ஒரு டயர் 1,100 கிலோ வரை தாங்கும் என்றால், பின் டயர் ஒவ்வொன்றின் தலையிலும் இப்போது 1,125 கிலோ. மொத்த எடை கூடவில்லை, வீட்டுக்குள் ஒரு பொருளும் புதிதாக ஏறவில்லை, ஆனாலும் இரண்டு டயர்கள் எல்லையைத் தாண்டிவிட்டன! வெயில் கொதிக்கும் அரிசோனா சாலையில் இப்படி ஓடினால் டயர் சூடேறி வெடிக்கலாம்.

பிரேக்கிலும் வம்பு வரும். இந்த வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மின்சார பிரேக். டிரக்கிலிருந்து வரும் மின்சாரம் எல்லாச் சக்கரங்களிலும் உள்ள மின்காந்தங்களுக்கு ஒரே அளவில்தான் போகும். எந்த அச்சில் பாரம் அதிகம், எதில் குறைவு என்று அதற்குத் தெரியாது. பாரம் குறைந்த முன் அச்சின் டயர்களுக்குத் தரைப்பிடி குறைவு. ராக்கி மலைத்தொடரில் இறங்கும்போது ஓட்டுநர் அழுத்திப் பிரேக் போட்டால், அந்தச் சக்கரங்கள்தான் முதலில் சுழற்சி நின்று சாலையில் தேய்த்துக்கொண்டு இழுபடும்.

எல்லா வண்டிவீட்டிலும் இது ஒரே மாதிரி நடக்காது. ஸ்பிரிங் பட்டைகள் வைத்த வண்டிகளில் முன்பட்டையின் வால்முனைக்கும் பின்பட்டையின் தலைமுனைக்கும் நடுவே ஒரு சிறிய இரும்புத் துண்டு தொங்கும். அதன் பெயர் ஈக்குவலைசர். பூங்காவிலுள்ள சீசாப் பலகை மாதிரி நடுவில் ஊன்றி இருபுறமும் ஆடும். ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் சாய்ந்துகொடுத்து, மறுபக்கத்துக்குப் பங்கு போட்டுவிடும். கைக்குள் அடங்கும் அந்தத் துண்டை எனக்கு மிகவும் பிடிக்கும்! கம்ப்யூட்டரும் இல்லாமல் மின்சாரமும் இல்லாமல் ஓடும்போதே பாரத்தைப் பிரித்துக் கொடுக்கிறதே. ஆனால் அது சாய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. சாய்ந்து சாய்ந்து மேலேயுள்ள சட்டத்தில் இடித்துவிட்டால் பங்கீடு நின்றுபோகும்.

இன்னொரு வகை அச்சில் இரும்புப் பட்டையே கிடையாது. சதுரக் குழாய்க்குள் இன்னொரு சட்டம், இரண்டுக்கும் நடுவே ரப்பர் உருளைகள். சக்கரம் மேலே ஏறும்போது சட்டம் திரும்பி ரப்பரை நசுக்கும். பயணம் மெத்தென்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு சக்கரமும் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது, பங்கு போடும் துண்டு இல்லை. மேலே போட்ட கணக்கு இந்த வண்டிகளுக்கு அப்படியே பொருந்தும்.

சரிசெய்யும் முன் அளக்க வேண்டும். சமமான சிமென்ட் தரையில் டிரக்கையும் வீட்டையும் மாட்டி, பயணத்துக்குரிய சாமான்களை ஏற்றிய பிறகே அளக்க வேண்டும். காலி டிரக்கை அளந்து பயனில்லை. ஆயிரம் கிலோ மேலே உட்கார்ந்ததும் டிரக்கின் பின்பக்கம் பல சென்டிமீட்டர் அமுங்கிவிடும். வீட்டின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம் முன்னால் தரையிலிருந்து எவ்வளவு உயரம், பின்னால் எவ்வளவு என்று டேப்பால் பார்க்க வேண்டும். கொத்தனார் சுவர் கட்டும்போது வைக்கும் ரசமட்டத்தைச் சட்டத்தில் ஒட்டிப் பிடித்தாலும் போதும், குமிழி சொல்லிவிடும். வெளிச்சுவரில் வரைந்த வண்ணக் கோடுகளை நம்பக் கூடாது. பல வீடுகளில் அவை அழகுக்காகச் சாய்வாகவே வரையப்பட்டிருக்கும்.

சுலபமான வழி, டிரக்கிலுள்ள இரும்புத் தட்டை ஓரிரு துளை கீழே இறக்கிப் போல்ட் போடுவது. ஆனால் நினைத்தபடி இறக்க முடியாது. தொட்டியின் பக்கச் சுவருக்கும் மேலே நிற்கும் வீட்டின் அடிப்பாகத்துக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பெட்ரோல் பங்குக்குள் குறுக்காகத் திரும்பும்போது டிரக்கின் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், மறுபக்கச் சுவர் எழும்பி வீட்டின் அடியைக் குத்திவிடும்.

தட்டை இறக்க இடமில்லையென்றால் வீட்டை உயர்த்த வேண்டியதுதான். பல வீடுகளில் அச்சு ஸ்பிரிங் பட்டைக்கு மேலே இருக்கும். அதைப் பட்டைக்குக் கீழே கொண்டுவந்தால், அச்சுக் குழாயின் தடிமனும் பட்டைக் கட்டின் தடிமனும் சேர்ந்த அளவு, சுமார் 12 சென்டிமீட்டர், வீடு உயர்ந்துவிடும்.

“அச்சைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் ஆயிற்று” என்று நினைத்தால் மோசம் போவோம். அந்தக் குழாய் பார்வைக்கு நேராக இருந்தாலும், நடுவில் மிக லேசாக மேல்நோக்கி வளைத்துத்தான் செய்கிறார்கள். பாரம் ஏறும்போது அமுங்கி நேராகி, சக்கரங்கள் நிமிர்ந்து நிற்கும். தலைகீழாக்கினால் வளைவு கீழ்நோக்கிப் போகும். பாரம் ஏறியதும் இன்னும் வளைந்து, சக்கரங்கள் மேல்பக்கம் உள்வாங்கி, டயரின் உள்விளிம்பு தேய்ந்து தீரும். அதனால் குழாயைத் திருப்பாமல், பட்டை உட்காரும் இரும்புத் தாங்கிகளை மட்டும் குழாயின் மேல்பக்கத்தில் புதிதாகப் பற்றவைப்பார்கள். தேர்ந்த வெல்டர் செய்ய வேண்டிய வேலை இது. உயர்த்திய பிறகு வாசற்படியும் 12 சென்டிமீட்டர் மேலே போய்விடும், தாத்தா பாட்டிக்கு ஒரு படி கூடுதலாக வைக்க வேண்டும். ஈர்ப்பு மையமும் உயர்வதால் பக்கக் காற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் மரஸ்கேல், 15 சென்டிமீட்டர் குட்டை ஸ்கேல், பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரே அளவாக வெட்டிய இரண்டு துண்டுகள், ஒரு பென்சில், ஒரு கல், கொஞ்சம் ஒட்டும் டேப், சில நோட்டுகள் போதும். பஞ்சுகளை மேசையில் ஒரு சாண் இடைவெளிக்குச் சற்றுக் குறைவாக வைத்து, மேலே நீள ஸ்கேலைக் கிடத்துங்கள். அதன் முன்முனை நோட்டுகளின் மேல் மட்டமாக இருக்கட்டும். பஞ்சுகளுக்கு நடுவே ஸ்கேலின் மேல் ஒரு கல்லை வையுங்கள். இப்போது முன்முனைக்கு அடியில் நோட்டுகளைக் கூட்டி 2 சென்டிமீட்டர் உயர்த்தினால், முன்பஞ்சு நிமிரும், பின்பஞ்சு நசுங்கும்.

அடுத்து, குட்டை ஸ்கேலை ஈக்குவலைசராக வைத்துப் பார்ப்போம். பென்சிலை உருளாமல் மேசையில் குறுக்காக டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் குட்டை ஸ்கேலின் நடுப்பகுதியை வைத்து, இரு முனைகளிலும் பஞ்சுகளை வைத்து, நீள ஸ்கேலையும் கல்லையும் முன்போலவே மேலே ஏற்றிச் செய்து பாருங்கள். முன்முனையை மெதுவாக உயர்த்தினால் குட்டை ஸ்கேல் சாய்ந்துகொடுக்கும், பஞ்சுகள் இரண்டும் ஒரே அளவில் அமுங்கியிருக்கும். இன்னும் உயர்த்துங்கள். குட்டை ஸ்கேலின் பின்முனை மேசையைத் தொட்ட பிறகு பின்பஞ்சு மட்டும் மறுபடி நசுங்கத் தொடங்கும்.