கரும்பினுள் வாழும் நாணல்

பொங்கல் நாளில் பாசிர் ரிஸ் அடுக்குமாடி வீட்டு வாசலில் நிற்பதும், தேக்காக் கடைத்தெருவில் கட்டுக்கட்டாக விற்பதும் பருத்துச் சாறு நிறைந்த கடிகரும்பு. நாம் தேநீரில் இடும் சர்க்கரையோ பெரும்பாலும் ஆலைக்கரும்பிலிருந்து வருவது. அவ்வாலைக்கரும்பில் ஆற்றங்கரை நாணலும் கலந்துள்ளது என்றால் வியப்பாகத் தோன்றும். அக்கலப்பின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

தென்னாட்டுப் பருத்த கரும்பு இனிப்பு மிக்கது. எனினும் வடஇந்தியக் குளிரைத் தாங்காது. வடபுலத்துக்கு ஏற்ற நல்ல கரும்பைத் தேடியே 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. அங்குப் பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் ‘வெள்ளை’ என்னும் கரும்பின் பூவில், இனிப்புக் குன்றிய காட்டு நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தனர். அதன்வழிப் பிறந்த கோ 205 என்னும் கலப்பினம் 1918இல் பஞ்சாபில் பயிருக்கு விடப்பட்டது.

இனி, இக்கலப்பின் கணக்கைக் காண்போம். உயிரணுவினுள் மரபணுக்களைச் சுமப்பவை குரோமோசோம்கள் எனும் நிறக்கோல்கள். மனிதருக்கு அவை இரண்டு தொகுதி. வெள்ளைக் கரும்புக்கோ எட்டுத் தொகுதி, மொத்தம் 80. கோவை நாணலுக்கும் எட்டுத் தொகுதி, மொத்தம் 64. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதியைத் தருவதே பொதுவிதி. அவ்வாறாயின் 40உம் 32உம் சேர்ந்து 72 ஆதல் வேண்டும். கோ 205இல் இருந்தவையோ 112! தாய்க்கரும்பு தன் 80ஐயும் குறையாமல் கொடுத்துவிட்டது.

பின்னர் இத்தகைய கலப்பினங்களை மீண்டும் மீண்டும் இனிப்புக் கரும்போடு சேர்த்தனர். ஆகவே இன்றைய ஆலைக்கரும்பில் நூற்றுக்கு மேற்பட்ட நிறக்கோல்கள் உள்ளன. பெரும்பகுதி கரும்பின் வழி வந்தவை. சிறுபகுதி நாணலின் வழி வந்தவை. இருவழித் துண்டுகளும் இணைந்தவை சில.

ஒரே மரபணுவுக்கு இத்தனை படிகள் இருப்பின், செடி எதனைப் படிக்கும்? நமக்குப் பழக்கமான ஏட்டுச்சுவடிகளை நினைவிற் கொள்க. ஒரே நூலுக்குப் பத்துச் சுவடிகள், சிற்சில பாடவேறுபாடுகள். செடி எல்லாவற்றையும் ஒருங்கே படிப்பதில்லை. சிலவற்றின்மீது மெத்தில் என்னும் வேதிக்குறியை இட்டுக் கட்டிவைக்கிறது, அவை மௌனமாகின்றன. இலையில் ஒரு படி பேசினால், தண்டில் மற்றொன்று பேசலாம். ஒன்று சிதைந்தாலும் ஏனையவை அதன் பணியைச் செய்யும். மிகுந்து நிற்கும் படி காலப்போக்கில் புதுத் தொழிலையும் மேற்கொள்ளலாம். ஆகவே, கலப்பினம் பெற்றோரின் வெறும் கூட்டுத்தொகை அன்று. எது பேசுகிறது, எது வாய்மூடுகிறது என்பதும் அதன் குணத்தை வகுக்கிறது.

ஏறக்குறைய ஒன்றுபோலவே உள்ள இப்படிகளைப் பிரித்தறிவது பெரும்பாடு. அதனாலேயே ‘ஆர் 570’ என்னும் ரீயூனியன் தீவுக் கலப்பினக் கரும்பின் விரிவான மரபணு வரைபடம் 2024இல்தான் வெளியாயிற்று.

இனிப்பைத் தந்தது கரும்பு. நோயைத் தாங்கும் வலிமையும், வெட்டியபின் மறுதாம்பாய்த் தழைக்கும் ஆற்றலும் பெரிதும் நாணலின் கொடை. இன்றைய ஆலைக்கரும்புகள் மிகச் சில மூதாதையரின் வழி வந்தவை. அன்றியும், விதையால் அல்லாமல் கரணையால் நடப்படுவதால், ஒரு வயல் முழுதும் ஒரே செடியின் மறுபிறப்பாக நிற்கிறது. புதுநோய் ஒன்று ஒரு கரும்பை வீழ்த்தினால் வயலையே வீழ்த்திவிடும். அன்று அதனை எதிர்க்கும் மரபணுவைத் தேடி மீண்டும் ஆற்றங்கரைக்கே செல்ல வேண்டிவரும். பயனற்ற புல்லென்று நாணலை அழித்தொழிப்போமாயின், படிக்கப்படாத சுவடியைத் தீயிலிட்டவர் ஆவோம். கரும்பின் சுவையை மாணவர்க்கு உரைக்கும் ஆசிரியர், நாணலின் கதையையும் உடன் உரைப்பாராக.