ஒலிவிரியலாக்கியிற் கோடலோட்டமும் வகுப்பு வேறுபாடும்

கல்முனைக்குத் தெற்கே அமைந்த காரைதீவு, சுவாமி விபுலானந்தரை 1892ஆம் ஆண்டில் ஈன்ற ஊராகும். விஞ்ஞானம் பயின்று பின்னர்த் தமிழிசையை ஆய்ந்த அப்பெரியாரின் யாழ் நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அரங்கேறியது. அதே ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பாடீன், பிராற்றெயின் என்னும் இருவர் திரான்சிற்றர் எனும் சிறு கருவியை முதன்முதலாக இயக்கிக் காட்டினர். ஒலியின் இயல்பை அளந்த நூலும், பிற்காலத்தில் ஒலியைப் பெருக்கும் பணியை மேற்கொண்ட கருவியும் ஓராண்டிலே வெளிப்பட்டமை எண்ணி இன்புறத்தக்கது.

மருதமுனை முதற் பொத்துவில் வரை நீளும் இக்கரையோரத்தில் அம்பிளிபயர் என மக்கள் வழங்கும் விரியலாக்கி இல்லாத பள்ளிவாசலும் கோயிலும் பாடசாலையும் இன்று அரியன. பாங்கோசையும் திருவிழாப் பாட்டும் அதன் வழியே ஒலிக்கின்றன. ஊரில் ஒருவர் மறைந்தாராயின் ஜனாஸா அறிவித்தலும் அதன் வழியே வருகின்றது. 1978ஆம் ஆண்டு நவெம்பர் 23ஆம் நாட் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருட் புகுந்ததையும் கண்ட மக்களுக்கு, விரைந்து ஒலிக்கும் ஓர் எச்சரிக்கையின் பெறுமதி எடுத்துரைக்க வேண்டுவதொன்றன்று. அத்தகைய இடர் நேரங்களிலேயே மின்வழங்கல் முதலில் அறுந்துபோகின்றது. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களும் அந்நிலையை நினைவூட்டின. அப்பொழுது விரியலாக்கியை இயக்குவது ஒரு கார்ப் பற்றறியே. அப்பற்றறி எத்தனை மணி நேரம் தாங்கும், அறிவிக்கப்படும் சொல் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்னும் இரண்டும், ஒருவரும் பேசாதபொழுது கருவியினுள்ளே ஓடும் சிறு மின்னோட்டமொன்றைப் பெரிதும் பற்றியுள்ளன. அதுவே கோடலோட்டம். பழுதுபார்க்கும் கடைகளில் இது பயஸ் எனப்படும்.

விரியலாக்கி ஒலியை ஊதிப் பெருக்குவதன்று. ஒலிவாங்கியிலிருந்து வரும் நலிந்த மின்குறியைக் கொண்டு, பற்றறியிலிருந்து பாயும் வலிய ஓட்டமொன்றை ஆட்டுவிப்பதே அதன் தொழில். கல்லோயா வாய்க்காலில் மதகுப் பலகையைச் சிறிது உயர்த்துபவனும் தாழ்த்துபவனும் தன் கைவலியால் நீரைத் தள்ளுவதில்லை. நீரின் விசை குளத்தினுடையது; அதன் அளவை மாற்றுவது மாத்திரமே அவன் செயல். திரான்சிற்றரும் அத்தகைய மதகே.

மதகு முற்றாக மூடிக் கிடக்குமாயின் அதனை உயர்த்தலாமேயன்றி மேலுந் தாழ்த்தல் இயலாது. ஒலிக்குறியோ மேலுங் கீழுமாக ஊசலாடும் இயல்பினது. மூடிய மதகு அவ்வூசலின் மேற்பாதியை மாத்திரம் பின்பற்றும், கீழ்ப்பாதி தொலைந்துபோம். அன்றியும், சிலிக்கன் திரான்சிற்றரின் அடிக்கும் காலிக்குமிடையே ஏறத்தாழ 0.6 வோல்ற்று அழுத்தம் ஏற்படும்வரை குறிப்பிடத்தக்க ஓட்டம் பாய்வதில்லை. ஆதலின் மேற்பாதியிலும் தொடக்கப் பகுதி கெடும். இக்குறையை நீக்குதற்பொருட்டு, குறி வருமுன்னரே சிறிதளவு அழுத்தத்தை அளித்து, மதகைச் சற்றுத் திறந்து வைத்தலே கோடல் எனப்படும். அவ்வாறு திறந்து வைக்கும் அளவே விரியலாக்கியின் வகுப்பை வரையறுக்கின்றது.

மதகு பாதி திறந்திருப்பின் ஊசல் முழுவதற்கும் ஓட்டம் இடையறாது நிகழும். இஃது ஏ வகுப்பு. குறி உருக்கெடாது வெளிவருதல் இதன் சிறப்பு. ஆயின் பேச்சு நிகழினும் நிகழாவிடினும் பற்றறியிலிருந்து ஒரே சராசரி ஓட்டம் ஒழியாது செல்லும். மாற்றியொன்றின் வழியே ஒலிபெருக்கியை இணைத்த ஏ வகுப்பு, பெற்ற வலுவில் மிகுதியாக நூற்றுக்கு 50 பங்கையே ஒலிபெருக்கிக்கு அளிக்கவல்லது, எஞ்சியது வெப்பமாகும். தடையொன்றையே சுமையாகக் கொண்ட எளிய அமைப்பிலோ அவ்வெல்லை நூற்றுக்கு 25 ஆகக் குறையும்.

கோடலை முற்றாக நீக்காது, ஓட்டம் தொடங்கும் வாயிலிலே நிறுத்தினால், ஒரு திரான்சிற்றர் ஊசலின் ஒரு பாதியிலேயே தொழிற்படும். மறுபாதிக்கு மற்றொரு திரான்சிற்றரை அமைத்து, இரண்டின் பயனையும் ஒலிபெருக்கியிற் சேர்ப்பர். இது பீ வகுப்பு. இதன் திறன் எல்லை நூற்றுக்கு 78.5 ஆகும். பேச்சில்லாதபொழுது ஓட்டம் ஏறத்தாழ இல்லை. மின்சாரம் எட்டாத இடங்களில் உலர்மின்கலத்தால் இயங்கிய வால்வு வானொலிகளுக்கென 1930களிலேயே இம்முறை கையாளப்பட்டது. பின்னர் ஓசீ 72 முதலிய சேர்மானியத் திரான்சிற்றர்களைச் சோடியாகக் கொண்ட கையடக்க வானொலிகளும் இதனாலேயே சிறு மின்கலங்களில் நெடுநாள் இயங்கின.

இரு வகுப்புக்களின் வேற்றுமையை ஒரு கணக்கினால் உணரலாம். 10 வாற்று அளிக்கவல்ல இரு விரியலாக்கிகள் 12 வோல்ற்றுப் பற்றறியில் இயங்குவனவாகக் கொள்க. இலட்சிய நிலையிலும் ஏ வகுப்பு 20 வாற்று இழுக்கும். அஃதாவது ஏறத்தாழ 1.7 அம்பியர். 40 அம்பியர்-மணிப் பற்றறி ஒரு நாளுக்குள் முற்றாக ஒழியும். அந்நாள் முழுவதும் ஒரு சொல்லும் ஒலிக்கப்படாவிடினும் முடிவு அதுவே. பீ வகுப்போ உச்ச ஒலியில் 1.1 அம்பியர் அளவே இழுக்கும். குறியின் வீச்சு காற்பங்காயின் ஓட்டமும் காற்பங்காகி ஏறத்தாழ 0.27 அம்பியரில் நிற்கும். மனிதப் பேச்சிலே உச்சங்கள் சிலவே. தாழ்ந்த ஓசைகளும் இடைவெளிகளும் பல. எனவே அறிவித்தற் பணியில் பீ வகுப்பின் ஆதாயம் மிகப் பெரிது.

ஆயினும் அதற்கொரு குறையுண்டு. மரமறுக்கும் இருவர் நீண்ட வாளொன்றின் இரு முனைகளையும் பற்றி மாறி மாறி இழுக்கின்றனர். ஒருவன் இழுத்து முடித்த பின்னரே மற்றவன் கையை இறுக்கத் தொடங்குவானாயின், ஒவ்வொரு திருப்பத்திலும் வாள் ஒரு கணம் தயங்கித் துள்ளும். பீ வகுப்பிலும் ஒரு திரான்சிற்றர் ஓய்ந்து மற்றது விழிக்கும் இடத்திற் குறி சிதைகின்றது. இது கடப்புத் திரிபு எனப்படும். உரத்த ஓசையில் இச்சிதைவு சிறு பங்கே. மெல்லோசையிற் பெரும் பங்காகும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகளுட் பல மெல்லியன. ஆகவே விடியற் பொழுதில் மறைந்தவர் பெயர் அறிவிக்கப்படும்பொழுது, ஓசை எங்கும் எட்டியும் பெயர் விளங்காது போதல் கூடும்.

வாளிழுக்கும் இருவரும் தமது முறையல்லாத வேளையிலும் பிடியைச் சற்று இறுக்கமாக வைத்திருப்பின் துள்ளல் நீங்கும். அவ்வாறே இரு திரான்சிற்றருக்கும் சிறிதளவு கோடலோட்டத்தை எப்பொழுதும் அளித்து வைத்தலே ஏபீ வகுப்பு. மெல்லிய குறிகளுக்கு இரண்டும் ஒருங்கே தொழிற்பட்டு ஏ வகுப்பைப் போன்று ஒழுகும். உரத்த குறிகளுக்கு முறைமாறித் தொழிற்பட்டு பீ வகுப்பின் சிக்கனத்தை அளிக்கும். 50 மில்லியம்பியர் கோடலாயின், பேச்சற்ற வேளையில் இறுதிநிலைக்கு ஆகும் செலவு 0.6 வாற்றே. பேச்சுக்கும் இசைக்கும் உரிய விரியலாக்கிகள் நெடுங்காலமாகப் பெரும்பாலும் இவ்வகுப்பில் அமைந்தமைக்கு இதுவே காரணமாகும்.

கோடலை வாயிலுக்குங் கீழே தாழ்த்தின், அரையூசலினுங் குறைந்த பகுதியிலேயே ஓட்டம் நிகழும். இது சீ வகுப்பு. வானொலி அலைபரப்பிகளிலே இசைவுச் சுற்று, விடுபட்ட பகுதியை நிரப்பிவிடுதலின் ஆண்டு இது பயன்படும். பேச்சைப் பெருக்குதற்கு ஒவ்வாது. இக்காலத்துப் பரவிவரும் டீ வகுப்போ வேறொரு நெறியினது. அதிலே திரான்சிற்றர் முழுத்திறப்பு, முழுமூடல் என்னும் இரு நிலைகளிலேயே மிக விரைவாக மாறுவதால், நூற்றுக்குத் தொண்ணூறு அளவிலான திறனும் கைகூடும்.

இவற்றால் ஓர் உண்மை பெறப்படும். ஏ, பீ, ஏபீ என்பன பெட்டியின் மேல் எழுதப்பட்ட பெயரளவில் நிற்பனவல்ல. ஒரே சுற்றிற் கோடலைச் சரிசெய்யும் சிறு மாறுந்தடையை ஒரு பக்கம் திருப்பினால் அஃது ஏ வகுப்பை நோக்கிச் செல்லும். மறுபக்கம் திருப்பினால் பீ வகுப்பிற்கு இறங்கும். ஓசை இனிமை கருதி அதனை அளவின்றி உயர்த்துவோரும், கருவி சூடேறலாகாதென அளவின்றித் தாழ்த்துவோரும் ஒப்பத் தவறுகின்றனர். முன்னவர் பற்றறியை வீணாக்குவர். பின்னவர் சொல்லைச் சிதைப்பர்.

உயர்த்துதலில் மற்றுமோர் இடருமுண்டு. வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயருந்தோறும் திரான்சிற்றர் வேண்டும் அடியழுத்தம் ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்றுக் குறைகின்றது. எனவே அளித்த அழுத்தம் மாறாதிருப்பின் வெப்பத்தால் ஓட்டம் மிகும். ஓட்டத்தால் வெப்பம் மிகும். ஒன்றையொன்று வளர்த்து ஈற்றில் திரான்சிற்றர் எரியும். காலைக் குளிரிற் சரியாயிருந்த கோடல், தகரக் கூரையின் கீழே நண்பகலில் மிகையாதல் இதனாலேயே. இதனைத் தடுக்கவே கோடலை அளிக்கும் இருவாயியை அல்லது திரான்சிற்றரை வெப்பம் போக்கும் உலோகத் தகட்டின் மீதே பொருத்துவர். காலியில் சிறு தடையொன்றையும் இடுவர்.

அச்சிறு தடையே அளவைக்கும் துணையாகும். ஒலிக்குறி அற்ற நிலையில், கருவி நன்கு சூடேறிய பின்னர், 0.22 ஓம் காலித்தடைக்குக் குறுக்கே மீற்றரை வைத்தால் 11 மில்லிவோல்ற்றுக் காட்டுமாயின் கோடலோட்டம் 50 மில்லியம்பியர் ஆகும். ஓமின் விதியைக் கற்ற மாணாக்கன் எவனும் இதனைக் கணித்தறிதல் கூடும். கருவியை ஆக்கியோர் குறித்த அளவோடு ஒப்பிட்டுத் திருத்துதலே முறை. செவியை மாத்திரம் நம்பித் திருப்புதல் முறையன்று.

பேசும்பொழுது பெரிதாக ஒலித்தல் விரியலாக்கியின் ஒரு சிறப்பே. பேசாதபொழுது அளவாக விழித்திருத்தல் அதனினும் சிறந்தது. மின்சாரமற்ற இரவொன்றிலே கடற்கரை ஊருக்கு ஒரு செய்தி சொல்லவேண்டி நேருமாயின், அச்செய்தி சென்று சேர்வதும் சேராது ஒழிவதும், என்றோ ஒரு நாட் பகலில் அச்சிறு மாறுந்தடையைத் திருப்பியவன் அளந்து திருப்பினானா என்பதையும் பொறுத்ததாகும்.