ஆட்டிசக் குழந்தைகளும் நாடகமும்

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் என் வகுப்பில் வந்து சேர்ந்தான். "உன் பெயர் என்ன?" என்று வினவினேன். "உன் பெயர் என்ன?" என்று அவனும் கேட்டான். "எந்த ஊர்?" என்றேன். "எந்த ஊர்?" என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. என்னை எள்ளி நகையாடுகின்றான் என்றே கருதினேன். அன்று முழுவதும் அவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். சில திங்கள்களுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவும் இல்லை. அவன் செய்தது குறும்பன்று, தனக்கு இயன்ற ஒரே வழியில் என்னோடு பேச முயன்றான் என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இத்தகைய குழந்தைகளின் நிலையை ஆட்டிசம் என்று மருத்துவ நூலோர் கூறுவர். தமிழில் 'மதியிறுக்கம்' என்று மொழிபெயர்ப்பாரும் உளர். இறுகியிருப்பது குழந்தையின் மதியா, அதனை அறிய முயலாத நம் மதியா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆதலின் ஆட்டிசம் என்ற சொல்லையே ஆளுகின்றேன். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி எழுதிய கட்டுரை இந்நிலையின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியது. தாயின் அன்புக் குறைவால் இது நேர்கிறது என்று ஒரு காலத்தில் கற்றறிந்தோரே எழுதினர். எத்தனை தாய்மார் அதனைப் படித்துக் கண்ணீர் வடித்தனரோ! அக்கருத்து முற்றிலும் பிழையானது. இது மூளை வளரும் முறையிலேயே அமைந்த ஒரு வேறுபாடு. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளுள் இதுவும் ஒன்று.

உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் புலப்படுவதைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்றார். நகை, அழுகை, அச்சம் முதலாக அவற்றை எட்டு என வகுத்தார். நம்மில் பலருக்கு மெய்ப்பாடு கற்பிக்காமலே வருகிறது. தந்தையின் புருவம் சற்று நெரிந்தாலே மதிப்பெண் அட்டையை ஒளித்துவைக்க வேண்டும் என்று நீங்கள் அறிந்துகொள்கிறீர்கள் அல்லவா? ஆட்டிசக் குழந்தைகள் பலருக்குப் பிறர் முகம் அறியாத எழுத்தில் அச்சிட்ட ஏடு போன்றது. அவர்கள் முகமோ நமக்கு அவ்வாறே விளங்குவதில்லை. இவர்களுக்கு உணர்ச்சியே இல்லை என்று சிலர் கூறுவது தவறு. உணர்ச்சி உண்டு, அது வெளிப்படும் பாதை வேறு.

இனி நாடகத்திற்கு வருவோம். ஒத்திகை என்பது யாது? முன்னரே வகுத்த சொற்களை, முன்னரே குறித்த இடத்தில் நின்று, மீண்டும் மீண்டும் சொல்லிப் பார்ப்பதே ஒத்திகை. அடுத்தவர் என்ன சொல்வார், தான் எப்பொழுது பேசவேண்டும் என்பதெல்லாம் நடிகனுக்கு முன்கூட்டியே தெரியும். வாழ்க்கையில் அத்தகைய உறுதி ஏது? கடைத்தெருவில் யார் என்ன கேட்பார் என்று எவர் அறிவார்? அந்த உறுதியின்மையே ஆட்டிசக் குழந்தையைப் பெரிதும் கலங்கச் செய்கிறது. சொன்னதையே திருப்பிச் சொல்வதும், செய்ததையே திரும்பச் செய்வதும் அக்குழந்தையின் இயல்பு. வகுப்பறையில் நான் குற்றமாகக் கண்ட அவ்வியல்புதான் ஒத்திகைக் கூடத்தில் முதற்பொருளாகிறது.

இங்கிலாந்து நாட்டு நடிகை கெல்லி ஹண்டர் என்பவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கொண்டு இத்தகைய குழந்தைகளுக்கு விளையாட்டுகள் அமைத்தார். குழந்தைகள் வட்டமாக அமர்வர். மார்பின்மேல் கையை வைத்து, இதயம் துடிப்பதுபோல் மெல்லத் தட்டுவர். அத்தாளத்தோடு ஒருவருக்கொருவர் வணக்கம் கூறுவர். முதலில் இயல்பாக, பின்னர்ச் சினத்தோடு, பின்னர் மகிழ்வோடு. சொல் ஒன்றே, மெய்ப்பாடு மாறுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், பெரிதாக்கி, பெயரிட்டு, பலமுறை காட்டுவதே இதன் நுட்பம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளைத் கார்பெட் என்னும் அம்மையார், 8 முதல் 14 வயது வரையிலான 30 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. ஆட்டிசமில்லாத ஒத்த வயதுப் பிள்ளைகளைப் பழக்கி, அவர்களோடு சேர்த்து 10 அமர்வுகளில் இவர்களை நடிக்கச் செய்தனர். முகங்களை நினைவில் வைக்கும் திறனும் பிறரோடு பழகும் திறனும் வளர்ந்தமை காணப்பட்டது. முப்பது பேரைக் கொண்டு உலகிற்கெல்லாம் முடிவு கூறலாகாது என்பதையும் மாணவர்கள் மறத்தலாகாது.

நம் தமிழ்நாட்டிலும் இம்முயற்சி உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை பயிற்றுவித்த பேராசிரியர் பரசுராம் ராமமூர்த்தி, 'வேள்வி' என்னும் அமைப்பின் வாயிலாக ஆட்டிசக் குழந்தைகளிடையே நாடகப் பணி ஆற்றியவர். அவர் கையாண்ட கருவிகளுள் முகமூடி சிறப்பானது. பிறர் கண்ணை நேரே நோக்குவது இக்குழந்தைகள் பலருக்குத் துன்பம் தருவது. எதிரில் இருப்பவர் முகமூடி அணிந்தால், இடைவிடாது மாறும் முகம் மறைந்து, மாறாத முகம் ஒன்று கிடைக்கிறது. குழந்தை தானே அணிந்துகொண்டாலோ, தன்னை எவரும் உற்று நோக்கவில்லை என்ற துணிவு பிறக்கிறது.

ஆயின் ஓர் எச்சரிக்கை. நாடகத்தில் அணியும் முகமூடியை வேண்டும்போது கழற்றிவிடலாம். பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக, மற்றப் பிள்ளைகளைப் போலவே நடந்துகொள் என்று நாள் முழுவதும் நடிக்கச் செய்தால் அக்குழந்தை வாடிப்போகும். தாமே ஆட்டிசத்தோடு வளர்ந்தோர் பலர் இதனைச் சொல்லி வருந்தியுள்ளனர். நாடகம் மருந்துமன்று, பேச்சுப் பயிற்சியாளர் செய்யும் பணிக்கு மாற்றுமன்று. உரத்த மேளமும் கண்ணைக் கூசும் விளக்கும் கைதட்டலும் கூடச் சில குழந்தைகளுக்குப் பொறுக்கவொண்ணாதவை. கைதட்டுவதற்குப் பதில் கைகளை உயர்த்தி அசைக்கலாமே!

ஓய்வு பெற்ற பின், கோவில்பதாகையில் என் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் ஐந்தாறு பிள்ளைகள் கூடுகின்றனர். அவர்களுள் ஒருவன் ஆட்டிசம் உள்ளவன், வயது ஒன்பது. ஆவடி நிலையத்தின் ஒலிபெருக்கியில் கேட்ட "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற அறிவிப்பையும், அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் என்று நிலையங்களின் பெயர்களையும் நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். முதலில் அதனை மறக்கடிக்கவே வீட்டார் விரும்பினர். நாங்கள் அதையே நாடகமாக்கினோம். மற்றப் பிள்ளைகள் ரயில் பெட்டிகளும் பயணிகளும் ஆயினர், அவன் அறிவிப்பாளன். அவன் அறிவித்தாலன்றி வண்டி நகராது என்பதே விதி. நான்கு வாரங்கள் அவன் சுவரைப் பார்த்தபடியே அறிவித்தான். ஐந்தாம் வாரம், செருப்பு வார் அறுந்து பின்தங்கிய ஒரு சிறுமி ஏறும்வரை வாய் திறவாமல் காத்திருந்தான். எவரும் அவனுக்கு அதனைச் சொல்லித் தரவில்லை.

அவனுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர்க் குடத்தின் அருகே சென்று நின்று அழுவது வழக்கம். சென்ற மாதம் ஒருநாள் அவன் தாயார் என் வீட்டிற்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது, பேச நா எழவில்லை. சமையற்கட்டின் வாயிலில் நின்றுகொண்டு அவன் சொன்னானாம்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, தண்ணீர்."