ஞாயிறு நண்பகலுக்குக் கோழியும் கீரையும்

ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் நம் இல்லங்களில் அடுப்பு மூட்டப்படுகிறது. கோழிக் குழம்பும் வறுவலும் ஆயத்தமாவதற்குள் மணி ஒன்றரை ஆகிவிடும். வயிறு நிறைய உண்டவர்கள் சாய்வு நாற்காலியை நாட, சமைத்தவளோ சட்டியின் அடியில் எஞ்சிய எலும்பையும் குழம்பையும் சோற்றில் பிசைந்து கடைசியாக உண்கிறாள். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள்.

கீரை உண்டால் இரத்தம் ஊறும் என்பர் பெரியோர். அது பாதி உண்மையே. 100 கிராம் பசலைக்கீரையில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. ஆயினும் அதில் மிகச் சிறு பகுதியையே உடல் ஏற்றுக்கொள்கிறது. இறைச்சியையும் எலுமிச்சைச் சாற்றையும் அதனுடன் சேர்த்து உண்டால் அந்த அளவு கூடும். மேல்நாட்டார் 'சாலட்' என்று கூறும் கலவை உணவில் இம்மூன்றும் ஒரே தட்டில் அமைந்துவிடுகின்றன.

கடைகளில் 'பாலக்' என்று விற்கப்படும் கீரையே இதற்கு உரியது. கொடியில் படரும் பசலை வேறு. அதன் வழவழப்பு இங்கே ஒவ்வாது. நால்வருக்கு இரண்டு கட்டு வேண்டும். மண் போக மூன்று நான்கு முறை நீர் மாற்றி அலசி, கொதிக்கும் நீரில் அரை நிமிடம் மட்டும் அமிழ்த்தி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் இடுங்கள். பச்சை நிறம் மாறாது. பின்னர் நன்றாகப் பிழிந்துவிடுங்கள். நீர் தங்கினால் கலவை சொதசொதவென்று ஆகிவிடும்.

எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி அரைக் கிலோ போதும். நசுக்கிய இஞ்சி, மிளகு, உப்பு இட்ட நீர் கொதித்ததும் கறியைப் போட்டு, தீயைத் தணித்து, கால் மணி நேரம் வேகவிடுங்கள். நீர் தளதளவெனக் கொதித்தால் கறி நார் போலாகிவிடும். தடித்த இடத்தில் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்புத் தோன்றினால் இன்னும் வேக வேண்டும். ஆறியதும் இழை இழையாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவாமல் கீரையின் அருகே கொண்டுவரலாகாது.

இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், மிளகுத்தூள், உப்பு, சிறிது தேன் ஆகியவற்றை ஒரு சீசாவில் இட்டுக் குலுக்குங்கள். எண்ணெய் எதற்கு என்று கேட்பவர் உண்டு. கீரையிலுள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்குக் கொழுப்புத் தேவை. மெல்லியதாக அரிந்த வெங்காயமும் வெள்ளரியும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்து, உண்ணும் வேளையில் மட்டுமே சாற்றை ஊற்றிக் கிளறுங்கள். முன்கூட்டியே ஊற்றினால் உப்பு வெள்ளரியின் நீரை வெளியே இழுத்துவிடும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இக்கீரையை உண்பது நலம். உணவு முடிந்தவுடன் தேநீர் வேண்டாம். அது இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுக்கலாம்.

முதன்முறை இதைப் பரிமாறியபோது, "தழை தின்ன நான் என்ன ஆடா?" என்றார் என் மாமியார். ஒரு கரண்டி சோறும் ஊறுகாயும் அருகில் வைத்தேன். அவர் தட்டில் எதுவும் எஞ்சவில்லை. சுடச்சுடப் பரிமாற வேண்டியது ஏதும் இல்லாததால், அன்று நானும் அவர்களுடனேயே அமர்ந்து உண்டேன். கோழி வெந்த நீரை ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். மாலையில் மிளகும் கொத்துமல்லியும் இட்டுக் கொதிக்க வைத்தபோது, அதுவே இரவுக்கு ரசமாயிற்று.