தோற்பதிலும் ஒரு நியாயம் வேண்டாமா?
கிழக்கேகோட்டை "வீடியோ கேம்" ரசிகரின் ஆசையும் ஆத்திரமும்

"வீடியோ கேம்" என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மில் அநேகம். கண் கெடும், படிப்பு கெடும், பணம் போகும் என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விளையாடுகிறவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எந்த ஆட்டம் பிடிக்கும்? எதில் எரிச்சல் வருகிறது?" என்று யாரும் கேட்பதில்லை.

கிழக்கேகோட்டையில் அப்படி ஒருவரைக் கேட்டோம். வயது 35. சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். தகப்பனார் நாகர்கோவிலிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். எட்டு வயதிலிருந்து விளையாடி வருகிறார் இவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். முதலாளி பத்திரிகை படிப்பவராம்!

கேசட் காலம்

"முதலில் பிடித்தது மாரியோதான் சார்" என்று ஆரம்பித்தார்.

ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி 1985-ல் வெளியிட்ட "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" ஆட்டத்தில் 8 உலகங்கள். உலகத்துக்கு 4 கட்டம் வீதம் 32 கட்டங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆடியது அந்தப் பெட்டியின் நகல்களில். கேசட்டின் மேல் "9999 ஆட்டங்கள்" என்று அச்சடித்திருக்கும். போட்டுப் பார்த்தால் பத்து, இருபது ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும்.

"அதுகூடப் பரவாயில்லை. எட்டாவது உலகத்துக்குப் போயிருப்பேன். கரண்ட் போய்விடும். ஆடியதைச் சேமித்து வைக்க வழி கிடையாது. திரும்ப முதலிலிருந்து ஆட வேண்டும். அழுதிருக்கிறேன் சார்."

"கான்ட்ரா" என்ற துப்பாக்கி ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது இவர் முகம் மலர்ந்தது. அதில் மூன்றே உயிர். ஆனால் மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று வரிசையாகப் பொத்தான்களை அழுத்தினால் 30 உயிர் கிடைக்கும். இந்த ரகசிய வரிசைக்கு ஒரு கதை உண்டு. 1986-ல் "கிராடியஸ்" என்ற ஆட்டத்தை வீட்டு டெலிவிஷனில் ஆடும்படி மாற்றி அமைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ என்ற ஜப்பானியர். சோதித்துப் பார்த்தபோது அது அவருக்கே கஷ்டமாக இருந்ததாம். ஆகவே தம் வசதிக்காக இந்த வரிசையை உள்ளே சேர்த்தார். அது பிற்பாடு மற்ற ஆட்டங்களுக்கும் பரவியது. செய்தவரே ஜெயிக்க முடியாத ஆட்டம் என்றால், எட்டு வயதுப் பையன் தோற்றதில் என்ன அதிசயம்!

ரயிலைத் துரத்தியவர்

அடுத்தது இன்டர்நெட் கபே காலம். 2004-ல் வந்த "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்" என்ற ஆட்டத்தில் ஒரு கட்டம். ஓடும் ரயிலின் கூரை மேல் நான்கு எதிரிகள். நாம் மோட்டார் பைக்கில் தண்டவாளத்தின் ஓரமாகத் துரத்த வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கும் தடியர் சுடுவார். அவர் குறி லேசில் படாது. உலகம் பூராவும் விளையாடுகிறவர்கள் திட்டித் தீர்த்த கட்டம் இது.

தம்பானூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கும் ரயில்வே குமாஸ்தாவான நமக்கு, ரயிலைத் துரத்தியே ஒரு வாரக் கைச்செலவுப் பணத்தைத் தொலைத்தவரைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"கடைசியில்தான் புரிந்தது. ரயிலை ஒட்டிப் போகக் கூடாது. கொஞ்சம் விலகிப் போனால் கூரை மேல் இருப்பவன் குறியில் விழுவான். தப்பு என் மேல்தான். அதனால் கோபம் வந்தாலும் மறுநாள் மறுபடியும் போவேன்."

இவர் கட்சி இதுதான்: தன் கைத்தவறால் தோற்றால் மனிதன் மறுபடி முயல்வான். தன் கையில் இல்லாத காரணத்தால் தோற்கடிக்கப்பட்டால் வெறுத்துப் போவான்.

வாடகை வீடு

இந்த வெறுப்பு வந்தது கைப்பேசி காலத்தில். 2018-ல் மொபைலுக்கு வந்த "பப்ஜி" ஆட்டத்தில் 100 பேர் பாராசூட்டில் குதிப்பார்கள். பத்திரமான வட்டம் சுருங்கிக் கொண்டே வரும். கடைசியில் நிற்பவருக்கு வெற்றி. ராத்திரி கடை அடைத்த பிறகு, பழைய பள்ளிச் சிநேகிதர்கள் மூன்று பேர் துபாயிலும் சென்னையிலும் இருந்தபடியே இவரோடு சேர்ந்து ஆடுவார்கள். "அந்தப் பேச்சுக்காகவே ஆடினேன்" என்கிறார்.

எரிச்சல் எதில்? முதலாவது "பிங்". கைப்பேசியிலிருந்து போகும் தகவல் சர்வரைத் தொட்டுத் திரும்பும் நேரம் இது. ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கிக் கணக்கிடுகிறார்கள். 50-க்குள் இருந்தால் சுகம். 200-ஐத் தாண்டினால், சுவருக்குப் பின்னால் ஒளிந்து கொண்ட பிறகும் குண்டு பட்டுச் சாகலாம்! இரண்டாவது, திருட்டு மென்பொருள் போட்டுச் சுவருக்கு அப்பால் பார்ப்பவர்கள்.

மூன்றாவதுதான் பெரிது. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 2023 மே மாதம் திரும்பியது.

"தேசப் பாதுகாப்பு என்றால் நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அதில் உடைக்கும் துப்பாக்கிச் சாயத்துக்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பணம் போட்டவன் நான். சொந்த வீடு என்று நினைத்தேன். வாடகைக்கு இருந்திருக்கிறேன் சார்."

அந்த உடைகள் "அதிர்ஷ்டப் பெட்டி"யில் வருபவை. பணம் கட்டித் திறந்தால் நல்லதும் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இது சூதாட்டம் என்று அறிவித்தார்கள். இந்தியாவில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றியது.

"நம் கிழக்கேகோட்டையில் மூலைக்கு மூலை லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள். லாட்டரி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இவர்கள் விளையாட்டு என்று சொல்லி விற்கிறார்கள்" என்றார், சற்றுச் சூடாகவே.

வெண்பா

இப்போது பிடித்த ஆட்டம்? பதில் நம்மைத் திகைக்க வைத்தது. "வெண்பா"!

கனடாவில் டொரண்டோ நகரின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆட்டம் இது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. வெண்பா என்பது தாயின் பெயர், மகன் கவின். அம்மா கொடுத்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். துப்பாக்கி கிடையாது, பெட்டி கிடையாது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024-ல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான விருதை இதற்கு அளித்தது.

"ஒரே குறை, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. என் பையனோடு உட்கார்ந்து ஆடினேன். மகன் தமிழை விட்டு விலகிப் போகிற இடம் வந்ததும் பையன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பள்ளியில் மலையாளமும் இங்கிலீஷும்தான். எங்கள் வீட்டிலும் அம்மா எழுதி வைத்த சமையல் நோட்டு இருக்கிறது சார். அவனால் அதைப் படிக்க முடியாது."

ஆடி முடித்த வாரமே பையனுக்கு "அ, ஆ" எழுதப் பழக்க ஆரம்பித்து விட்டாராம். இப்போது "க" வரிசையில் நிற்கிறார்கள்.

பெற்றோருக்கு இவர் சொல்வது ஒன்றுதான். பிள்ளை கைப்பேசியை வீசி எறிந்தால் உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். எங்கே தோற்றான், எதனால் தோற்றான் என்று கேளுங்கள். அவன் கைத்தவறு என்றால் நாளைக்கு ஜெயிப்பான். "பணம் கட்டினால்தான் ஜெயிக்க முடியும்" என்று சொன்னானானால், அந்த ஆட்டத்தை அன்றைக்கே நிறுத்துங்கள்.