மணிமேகலையும் தராசும்

தாற்றன் என்னும் ஆங்கில அறிஞர் 1808 இல் நூலாக வெளியிட்ட அணுக்கொள்கை, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் மணிமேகலையிற் கூறப்பட்டுவிட்டது என்று மேடைகளிற் பேசுவோர் இக்காலத்து மிகுந்துவிட்டனர். இக்கூற்று ஒலியாது ஒரு தமிழ் விழா நிறைவுறுவது அரிதாயிற்று. கேட்போர் கைதட்டுகின்றனர்; பேசியவர் மாலையோடு இறங்குகின்றார். அந்நூலைப் பல்லாண்டு கற்பித்து வருபவன் என்ற உரிமையால், இக்கூற்றை நான் ஏற்கவில்லை என்பதையும், ஏலாமைக்குரிய காரணத்தையும் இங்கே சொல்லக் கருதுகின்றேன்.

முதலில் நூல் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். மேடைப் பேச்சாளரிற் பலர் இத்துணைச் சிறு வேலையையும் செய்வதில்லை. வஞ்சி நகரில் மணிமேகலை சமயக்கணக்கர் பலரை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கின்றாள். அவர்களுள் ஒருவன் ஆசீவகன். மற்கலியின் நூலை ஆதாரமாகக் கொண்டு அவன் உரைப்பது இது: உயிர், நிலம், நீர், தீ, காற்று என அணு ஐவகைப்படும். அவற்றுக்குத் தொடக்கம் இல்லை. அவை புதிதாய்த் தோன்றா, சிதையா, ஒன்றனுள் ஒன்று புகா. நீரணு நிலவணுவாகத் திரியாது. ஓரணு இரண்டாகப் பிளவாது. நெல்லை இடித்து அவலாக்குவது போல அதனைத் தட்டிப் பரப்பவும் இயலாது. ஆயினும் அணுக்கள் கூடும், பிரியும். செறிந்து நெருங்கினால் வயிரம். மூங்கில் போலத் துளைபட்டு நிற்பதும் அவற்றின் கூட்டமே. தனியணுவைத் தெய்வக் கண்ணுடையோரே காண்பர். மாலை மயங்கும் வேளையில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் புலப்படாது, மயிர்க்கற்றை புலப்படும். அங்ஙனமே நாமும் அணுத்திரளையே காண்கின்றோம்.

இவ்வுவமையைப் பாடஞ்சொல்லும் ஒவ்வோராண்டும் நான் வியந்து நிற்பதுண்டு. கண்ணுக்குப் புலனாகாத பொருள் உண்டு என்பதை இத்துணை எளிதாக உணர்த்தும் உவமை வேறு நூல்களிலும் எளிதிற் கிடைப்பதன்று.

ஆசீவகன் இன்னும் ஒன்று கூறுகின்றான். அணுக்கள் பூதங்களாகக் கூடும்போது ஒன்று, முக்கால், அரை, கால் என்னும் அளவுகளிற் சேரும். எது மிகுந்து நிற்கின்றதோ அதன் பெயரால் அப்பூதம் வழங்கும் என்பது அவன் கூற்று. இந்த நான்கு அளவுகளே மேடையில் ஏறியதும் தாற்றன் விதியாக மாறிவிடுகின்றன.

மேடைப்பேச்சு மேடையோடு நின்றுவிடுமாயின் நான் பேனாவை எடுத்திரேன். மாலை வேளைகளில் என்னிடம் இலக்கியம் கேட்க வரும் மாணவன் ஒருவன், தன் இரசாயன விடைத்தாளைக் கொணர்ந்து காட்டினான். சேர்க்கை விதிகளை ஆராய்ந்தவர் யார் என்ற வினாவுக்கு 'ஆசீவகர்' என விடையெழுதி மதிப்பெண் இழந்திருந்தான். "ஐயா, இரசாயன மாஸ்ரருக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேட்டான். மாஸ்ரர் போட்ட சுழியம் சரியானது என்று நான் சொன்னபோது அவன் முகம் வாடிற்று. அவனைக் குறைகூற என்னால் இயலவில்லை. அவ்விடையை அவனுக்குக் கற்பித்தோர் எம்போன்ற தமிழாசிரியரே.

அவனுக்கு நான் சொன்ன விளக்கம் வெற்றிலைத் தட்டத்திலே தொடங்கிற்று. வலிகாமத்துச் சுண்ணாம்புச் சூளையைக் கண்டறியாதார் நம்மவருள் இலர். தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ வாயுவாகிச் சூளை வாயால் வெளியேறும். கல் கீரிமலைப் பக்கத்ததாயினும், அதற்குப் பதிலாகக் கடற்கரையில் அள்ளிய சிப்பியாயினும், மாசு நீக்கிப் பார்த்தால் கணக்கு மாறாது. சுட்ட சுண்ணாம்பில் நீர் வார்க்கும்போது 56 பங்கு சுண்ணாம்பு 18 பங்கு நீரையே தன்னோடு சேர்த்துக்கொண்டு நீறும். கொதித்து ஆவியாகியது போக, மேலும் வார்க்கும் நீர் வெறும் நீராகவே நிற்கும். தேநீருக்குச் சர்க்கரை அவரவர் விருப்பம்; அது கலவை. நீறிய சுண்ணாம்பில் நம் விருப்பத்துக்கு இடமில்லை, அது சேர்வை. கலவைக்கும் சேர்வைக்கும் உள்ள வேற்றுமை இவ்வளவே. இவ்வளவையும் நாவினாலோ கண்ணினாலோ அறிய முடியாது. தராசு வேண்டும்.

ஐரோப்பாவிலும் அணுவைப் பற்றிப் பேசியோர் பண்டே இருந்தனர். கிரேக்க நாட்டுத் தெமோக்கிரீத்தசு பேசினார். பேச்சு ஈராயிரம் ஆண்டு பேச்சாகவே கிடந்தது. அதற்கு உயிர் தந்தவர் தராசைப் பிடித்தவர்கள். பிரான்சு நாட்டு இலவோசியர் 1774 இல், வெள்ளீயத்தை மூடி ஒட்டிய பாத்திரத்திலிட்டுச் சூடேற்றிய சோதனையை வெளியிட்டார். உலோகம் நீறாக மாறியும் பாத்திரத்தின் மொத்த நிறை மாறவில்லை. ஒட்டை உடைத்தபோது காற்று உள்ளே விரைந்து புகுந்தது, அதன் பின்னரே நிறை கூடிற்று. பொருள் எவ்வாறு உருமாறினும் மொத்தத் திணிவு குன்றாது, மிகாது என்ற விதி இங்ஙனம் நிலைபெற்றது. அவர் அரசிறை வசூலிக்கும் கூட்டத்திற் பங்குடையவராயிருந்தமையால் 1794 இல் புரட்சியாளர் அவர் தலையைக் கொய்தனர் என்பது வேறு கதை.

அடுத்தவர் புரூஸ்ற், ஸ்பெயின் நாட்டிற் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர். சுரங்கத்தில் இயற்கையாய்க் கிடைத்த செப்புக் காபனேற்றையும், தாம் ஆய்வுகூடத்தில் ஆக்கிய செப்புக் காபனேற்றையும் பகுத்து நிறுத்து, இரண்டிலும் கூறுகளின் அளவு ஒன்றே என்று 1799 இற் காட்டினார். மாறா அமைப்பு விதி என்று நம் மாணவர் படிப்பது இதுவே. அவர் நாட்டவராகிய பேர்த்தொலே இதனை மறுத்தார். சேர்வையின் அளவு சூழ்நிலைக்கேற்ப மாறும் என்றார். இருவரும் பல்லாண்டு எழுத்திலே வாதிட்டனர். ஒருவரையொருவர் இகழாது நிறுத்துப் பார்த்தே மறுத்த அவ்வாதம் நம் இலக்கியச் சண்டைகளுக்கு வாய்த்திருக்கலாகாதா என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு. புரூஸ்ற் வென்றார். ஆயினும் இரும்பின் ஒட்சைட்டு ஒன்று போன்ற சில திண்மங்களில் அளவு சிறிது மாறவே செய்கின்றது என்பது பிற்காலத்திற் புலனாயிற்று. அத்தகைய சேர்வைகளுக்குத் தோற்றவரின் பெயரையே இட்டு வைத்தனர்.

இனித் தாற்றன். நெசவாளி ஒருவரின் மகன். பன்னிரண்டு வயதிலேயே ஊர்ப் பள்ளிக்கூடத்திற் பாடஞ்சொல்லத் தொடங்கியவர். பின்னர் மஞ்செஸ்ரர் நகரில் மாணவருக்குக் கணக்குக் கற்பித்து வாழ்ந்தவர். எம் குலத்தவர் என்பதால் அவரிடம் எனக்குத் தனியன்பு உண்டு. இரண்டு மூலகங்கள் தம்முட் கூடி ஒன்றுக்கு மேற்பட்ட சேர்வைகளை ஆக்குமாயின், ஒன்றன் நிறையை நிலையாக வைத்துப் பார்க்கும்போது மற்றதன் நிறைகள் ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று என்பன போன்ற சிறு முழுவெண் விகிதத்தில் அமையும் என்று அவர் கண்டார். காபன் 12 பங்கோடு ஒட்சிசன் 16 பங்கு சேர்ந்தால் ஒரு வாயு. 32 பங்கு சேர்ந்தால் வேறொரு வாயு. இடையில் இருபதோ இருபத்தைந்தோ சேர்ந்த மூன்றாவது வாயு இல்லை. ஏன் இல்லை? ஒட்சிசன் பிளவுபடாத மணிகளாக வருகின்றது. ஒரு மணி சேரலாம், இரண்டு சேரலாம், ஒன்றேகால் மணி சேர முடியாது. இதுவே தாற்றனின் அணு. கண்ணாற் காணாத ஒன்றை, தராசின் முள் காட்டிய எண்ணிலிருந்து அவர் வருவித்தார். 1803 இலேயே ஐதரசனை 1 என வைத்து ஏனைய அணுக்களின் நிறைகளையும் அட்டவணைப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

அவர் வழுவிய இடமும் உண்டு. 1808 இல் அவர் ஒட்சிசனுக்கு இட்ட நிறை 7. அவருடைய கருவிகள் அத்துணைத் திருத்தமானவை அல்ல. நீரில் ஐதரசன் ஒரு பங்குக்கு ஒட்சிசன் 8 பங்கு இருத்தல் வேண்டும். இப்பிழையைப் பேர்சீலியசு போன்றோர் நல்ல தராசுகளால் விரைவிலே திருத்திவிட்டனர். மற்றப் பிழை வேறு வகையானது. நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன என்று அவர் கொண்டார். இதனை அவர் அளந்து கண்டிலர். இயற்கை எளிமையையே விரும்பும் என்ற நம்பிக்கையால் ஊகித்தார். கேலூசாக்கு என்பவர் 1808 இல், இரண்டு கனவளவு ஐதரசன் ஒரு கனவளவு ஒட்சிசனோடு கூடி இரண்டு கனவளவு நீராவியாகும் என்று அளந்து கூறியபோது தாற்றன் அதனை ஒப்பவில்லை. ஒரு கனவளவு ஒட்சிசன் இரண்டு கனவளவு நீராவிக்குள் எப்படிப் பரவும்? அணுவைப் பிளக்க வேண்டுமே!

இத்தாலியரான அவகாதரோ 1811 இல் விடை கூறினார். ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களிற் சம எண்ணிக்கையான துணிக்கைகள் உள்ளன. ஆனால் ஒட்சிசன் வாயுவின் துணிக்கை தனியணு அன்று, ஈரணு சேர்ந்த கூட்டம். அக்கூட்டத்தையே நாம் மூலக்கூறு என்கின்றோம். பிரிவது மூலக்கூறு, அணு முழுமையாகவே நிற்கும். முடிச்சு அவிழ்ந்தது, கேட்பார்தாம் இல்லை. 1858 இல் கனிசாரோ எடுத்து விளக்கி, 1860 இல் ஜெர்மனியின் காள்சிறூ நகரிற் கூடிய இரசாயனவியலார் கையில் அவ்விளக்கம் சேரும்வரை, நீரின் மூலக்கூற்றில் ஐதரசன் ஒன்றா இரண்டா என்பதில் உலகம் உடன்படவில்லை. நிறுத்தலில் நேர்ந்த பிழையை மற்றொரு தராசு திருத்திற்று. நிறுக்காது ஊகித்ததைத் திருத்த ஐம்பது ஆண்டு சென்றது.

தாற்றனுக்கே இது நிலைமையாயின் ஆசீவகனின் ஒன்று, முக்கால், அரை, கால் என்பவற்றை நாம் எங்கே வைப்பது? அவை எல்லாப் பூதங்களுக்கும் ஒரே ஏணிப்படியாக அமைந்தவை. இரசாயனத்திலோ ஒவ்வொரு சேர்வைக்கும் அதற்கே உரிய எண் உண்டு. அதனைத் தராசின்றி வாதத்தால் எட்ட முடியாது. மிகுந்து நின்றதன் பெயரே பூதத்தின் பெயர் என்ற விதியையும் எண்ணிப் பாருங்கள். நீரின் நிறையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒட்சிசன். அவ்விதிப்படி நாம் நாள்தோறும் குடத்தில் மொண்டு வருவதை ஒட்சிசன் என்றே அழைத்தல் வேண்டும். எரிய உதவும் ஒட்சிசன் ஒன்பதில் எட்டாக இருந்தும், நீர் தீயை அணைக்கின்றது. கூறுகளின் குணம் மறைந்து புதுக்குணம் பிறப்பதுதான் சேர்வை. ஆசீவகன் சொன்ன மிகுதி அதனை விளக்காது.

மேடையில் ஒருவரும் சொல்லாத செய்தி இன்னும் ஒன்று. ஆசீவகன் கூறியதைக் கேட்ட மணிமேகலை அதனை ஏற்றாள் அல்லள். சொற் தடுமாற்றம் என்று தள்ளிவிட்டு அடுத்த சமயவாதியிடம் செல்கின்றாள். சாத்தனார் பௌத்தர், பிறர் கொள்கையை மறுப்பதற்காகவே தம் காவியத்தில் எடுத்துரைத்தார். மறுக்கப் போகும் கொள்கையையும் மயிர்க்கற்றை உவமையோடு அழகுற உரைத்தாரே, அந்த நேர்மையைப் பாராட்ட ஏன் ஒரு பேச்சாளரும் வரவில்லை?

விதியைக் கண்டது நாம் அல்ல. அதற்குப் பெயரிட்டது நாம்; அவ்வேலை சிறிதும் அன்று. மானிப்பாயில் தமிழிலே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூலை 1875 இல் தமிழில் வெளிவரச் செய்தார். மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராய் 1916 இலும், இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாய் 1920 இலும் தேறிய விபுலானந்தர், 1936 இற் சென்னையில் தொடங்கிய கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். பண்டிதருக்கு விஞ்ஞானத்தில் என்ன வேலை என்று கேட்போருக்கு அவரைக் காட்டினாற் போதும். சுயமொழிக் கல்வி பரவிய 1950களில் இலங்கையிற் சொற்றொகுதிகள் பல வந்தன. காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு முதலிய சொற்களில் அவ்வுழைப்பைக் காணலாம். வாயில் நுழையாத சொற்கள் என்று சிலர் நகைப்பர். பிரித்துப் பார்த்தால் நகைப்பு அடங்கும்.

உயிர் முதலாகிய சொல்லின் முன் ஒரு என்பது ஓர் என்றும், இரு என்பது ஈர் என்றும் நிற்கும். காபனோடு ஓர் ஒட்சிசன் அணு சேர்ந்தது ஓரொட்சைட்டு. மூடிய அறையிற் கரி புகைந்தால் உறங்குவோரைக் கொல்வது இது. இரண்டு சேர்ந்தது ஈரொட்சைட்டு. சோடாப் போத்தலில் நுரைப்பது. தாற்றன் நிறுத்துக் கண்ட ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் ஓர், ஈர் என்னும் இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. அந்த மாணவனுக்கும் அவன் தோழருக்கும் மறுநாட் பாடமாக உயிரீற்றுப் புணர்ச்சியைத் தொடங்கி, கந்தகமூவொட்சைட்டு என்று எழுதிப் பிரிக்கச் சொன்னேன். மூ என்பதற்கும் ஒட்சைட்டு என்பதற்கும் இடையே வகர உடம்படுமெய் தோன்றியது என்று முதலிற் சொன்னவன் அவனே. கந்தகம் 32 பங்குக்கு அதில் ஒட்சிசன் எத்தனை பங்கு என்று கேட்டேன். சிறிது எண்ணி, 48 என்றான்.